டமாரத்துக்கு மட்டும் கேட்கவில்லை

இசைக்குழுவில் அவளுக்கு டமாரம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அடையாள அட்டைக்கு வெளியே அது அவ்வளவாகப் புழங்கவில்லை. மேடையின் கடைசி வரிசையில், அண்டாவைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்துத் தோல் போர்த்தியது போன்ற மூன்று செம்பு மேளங்களுக்கு நடுவே நின்று அடிப்பவள் அவள். அவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கூடவே அதில் ஒரு கிண்டலும் இருந்தது. அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது அங்கேயே புதைந்துவிடும். டமாரம் அடிக்கத் தெரியாத டமாரம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒத்திகை எல்லாம் மாலையில்தான். பகலில் அவள் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் இடம். விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு முனைகளைப் பிடித்து, உதறி, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க வேண்டும். அதனால் அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. டமாரத்தின் ஜோடி அவளைவிட வயதில் மூத்தவள். வாய் ஓயாமல் பேசுவாள். டமாரம் அவளை அக்கா என்று கூப்பிடுவாள். “நீ பேசாம இருக்கறதையும் சேத்து நானே பேசிடறேன்” என்பாள் அந்த ஜோடி அக்கா.

டமாரத்தின் கணவனும் அதே இசைக்குழுவில்தான் இருந்தான். டபுள் பாஸ் வாசிப்பவன். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் பெரிய வயலின் அது, நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். அவனும் அதற்கேற்ற உயரம் என்பதால் தூண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் புதிதாகச் சேர்ந்த காலத்தில் பாஸ் வரிசையிலிருந்த பெரியவர்கள், பின்னால் மேளச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் ஒரு நாள் திரும்பி அவளைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் பலமாவே அடிங்க. எனக்கு அதுலதான் தைரியம் வருது” என்றான். கல்யாணம் அந்தப் பேச்சிலிருந்து தொடங்கியது. அவன் அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா வீட்டுல சண்டைன்னு வந்தா யாரோட அடி பலமா விழும்னு யோசிச்சியாடா?” என்று மகனைக் கேட்டாளாம்.

சண்டை என்று பெரிதாக எதுவும் வரவில்லை. ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், செவிலியர் படிப்புக்காக வேறு ஊருக்குப் போனாள். இவர்கள் இருவரும் ஒத்திகைக்குச் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தார்கள். வண்டிக்குள் பாஸை நீட்டிப் படுக்க வைத்தால் அதன் கழுத்து முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கும். மூன்றாவது ஆள் தலையை நீட்டி ஒட்டுக் கேட்பதுபோல இருக்கும்.

மேடையில் அவள் கண்ணுக்கு நேரே அவன் முதுகு. பாஸும் இந்த மேளமும் ஒரு இசைக்குழுவின் தரை. மற்றவர்கள் அதன்மேல் நின்று ஆடுகிறவர்கள். தரையில் ஒரு பலகை முந்தினாலும் பிந்தினாலும் மேலே இருப்பவர்கள் தடுக்கி விழுவார்கள். அவன் வில்லும் அவள் குச்சியும் அப்படி ஒரு நாளும் பிசகியதில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமலே, அவன் முழங்கை இறங்கும் கணத்தில் அவள் குச்சி தோலைத் தொடும்.

அந்த வருஷம் ஒரு பழைய சிம்பொனியை எடுத்தார்கள். நான்கு பகுதிகள். முதல் மூன்றைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. நான்காவது, கடைசிப் பகுதிதான் ஆட்டம். குழுவை நடத்துகிறவரை எல்லோரும் கண்டக்டர் என்பார்கள். அவர் கோலைத் தூக்கியதும் பின்வரிசையில் யாராவது “போலாம், ரைட்” என்று முணுமுணுப்பது வழக்கம். பருத்த மனிதர், இடுப்பு வலிக்காரர். மூன்று பகுதிகளை உயரமான நாற்காலியில் உட்கார்ந்தே நடத்திவிட்டு, நான்காவது வந்ததும் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

“இதுல யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல” என்றார் முதல் ஒத்திகையில். “வயக்காட்டுல வேலை முடிச்சவங்க கைகோத்துச் சுத்தறாங்க, அவ்வளவுதான். நாம உக்காந்துட்டு ஆடறோம். ஆனா ஒண்ணு, அடி எங்க விழும்னு கேக்கறவன் நெனைக்கிறானோ அங்க விழக் கூடாது. தாளத்துல அடுத்த கால்ல விழணும். அந்த இடத்துலதான் சுத்தறவனுக்குத் தலை கிறுகிறுக்கும். டமாரம், தூணு, உங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் இறங்கறேன்.”

அது அவர்களுக்குப் புதிதல்ல. கல்யாணமான வருஷத்தில் ஒரு முறை வாசித்திருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தும் ஆட்டம் அடங்காமல், பாஸின் துணி உறையைத் தோளில் போர்த்திக்கொண்டு அவன் அவளை இழுத்து அறை முழுக்கச் சுற்றினான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். “பாரு, அவரும் ரெண்டாவது கால்லதான் தட்டறாரு” என்று அவன் சொல்ல, அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை முதல் ஒத்திகையிலேயே ஏதோ சரியில்லை. கண்டக்டர் கோலைத் தட்டி நிறுத்தினார். “டமாரம், பின்னாடி இழுக்கறீங்க.”

அவள் இழுக்கவில்லை. அவளுக்குத் தெரியும். இருந்தும் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். ஈரக் காற்றில் தோல் தளர்ந்திருக்குமோ என்று முறுக்கினாள். பஞ்சுத் தலை மெத்தென்று இருந்த குச்சியை மாற்றிக் கடினமானதை எடுத்தாள். அடுத்த ஒத்திகையிலும் அதே குறை. பாஸ் ஒரு மயிரிழை முன்னால் வந்துகொண்டிருந்தது. மயிரிழைதான். ஆனால் கட்டிலில் பக்கத்தில் படுத்திருப்பவர் விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்பது மூச்சிலேயே தெரிந்துவிடுமே, அது மாதிரி அவளுக்கு அது தெரிந்தது.

மேளக்காரர்களுக்கு அடிப்பதைவிடச் சும்மா நிற்பதுதான் அதிகம். கடைசிப் பகுதியின் நடுவில் அவளுக்கு அப்படி ஓர் இடைவெளி இருந்தது. அதிர்வு நிற்க உள்ளங்கையைத் தோல்மேல் வைத்துக்கொண்டு அவள் முன்னால் பார்த்தாள். இரண்டு வரிசை தள்ளி இடப்பக்கம் புல்லாங்குழல்காரி உட்கார்ந்திருந்தாள். வந்து இரண்டு கச்சேரிப் பருவம் ஆகியிருக்கும். கூச்ச சுபாவம். டமாரத்தை அக்கா என்பாள், வீட்டுக்கு வந்து தேநீர் குடித்திருக்கிறாள். குழல் வாசிப்பவர்கள் தொடங்குவதற்கு முன் மூச்சை இழுப்பார்கள் அல்லவா, அவள் தோள் ஏறியது. அதே கணத்தில் தூணின் முழங்கை ஏறியது.

அந்த இடத்தில் குழலுக்கும் பாஸுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவள் மறுபடி பார்த்தாள். தோள் ஏறியது, முழங்கை ஏறியது. பிறகு குழலுக்கு ஓய்வு வந்தது. குழல்காரி குழலை மடியில் வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டத்துக்கு ஏற்ப மெல்ல அசைத்தாள். தூணின் வில் அந்தத் தலையசைவில் வந்து விழுந்தது. அவன் கண்டக்டரைப் பார்க்கவில்லை. பின்னால் மேளம் இருக்கிறது என்ற நினைப்பே அந்த முதுகில் இல்லை.

அவளுடைய இடம் வந்தது. கை தானாக அடித்தது. ஒரு அடிகூடத் தவறவில்லை.

வண்டியில் போகும்போது அவள் கேட்டாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சிக்னலில் நின்றிருந்தார்கள்.

“எப்பலேருந்து?”

“என்ன எப்பலேருந்து?”

“நீ அவ மூச்சுல வாசிக்கறே.”

யார் மூச்சு என்று அவன் கேட்கவில்லை. வளைவு காட்டும் விளக்கு மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. சிக்னல் பச்சைக்கு மாறியும் அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

“போன குளிர்காலத்துலேருந்து” என்றான் கடைசியில். “சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“வண்டிய எடு. எல்லாரும் நிக்கறாங்க.”

அவர்களுக்கு நடுவே பாஸின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்ததால், அவன் அழுதானா என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

அந்த வாரக் கடைசியில் அவன் போனான். இரண்டு பைகளையும் பாஸையும் எடுத்துக்கொண்டான். பாஸ் சாய்ந்திருந்த மூலையில் சுவரின் வண்ணம் மட்டும் பழைய நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அவள் அந்த மூலையில் துணி உலர்த்தும் சட்டத்தை நிறுத்தினாள். பிறகு எடுத்துவிட்டாள். மகளுக்கு எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்து, ஒத்திகை பார்த்து, தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“உங்கப்பா...” என்று தொடங்கினாள்.

மகள் குறுக்கிட்டாள். “தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“நான் லீவுக்கு வந்தப்பவே அப்பா எங்கிட்ட சொன்னாரும்மா. உங்கிட்ட அவரே சொல்றேன்னாரு. நான் எப்படிம்மா சொல்றது? நீ நல்லா இருந்தே. ரொம்பச் சந்தோஷமா இருந்தே.”

“சாப்பிட்டியா?” என்றாள் டமாரம்.

“அம்மா.”

“சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“சாப்பிட்டேன்மா.”

“சரி. படுத்துக்கோ.”

மறுநாள் சலவைக்கூடத்தில் விரிப்பை உதறும்போது ஜோடி அக்கா நிறுத்தினாள். “என்னடி, முனை கைநழுவுது? உனக்கு இப்படி ஆகாதே.” டமாரம் விரிப்பை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். குழுவில் வயலின்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற மகளுக்குத் தெரிந்திருக்கிறது. “ஊரெல்லாம் டமாரம் அடிச்சிருக்குக்கா. டமாரத்துக்கு மட்டும் கேக்கல.”

விரிப்பின் முனைகளைச் சேர்த்துக்கொண்டு, மடிப்புக்காக நெருங்கி வந்த ஜோடி அக்கா, விலகாமல் அப்படியே நின்றுவிட்டாள். இருவருக்கும் நடுவே அந்த வெள்ளைத் துணி கசங்கியது. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்டக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். வேறு ஊரிலிருந்து மேளத்துக்கு ஆள் வரவழைக்கலாம் என்றார். அவள் வேண்டாம் என்றாள்.

“உங்களால முடியுமாம்மா? அவன் முதுகையே பாத்துட்டு நிக்கணுமே.”

“கடைசிப் பகுதிய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன் சார்.”

அவர் அதை வைராக்கியம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அவள் மனதில் வேறொன்று இருந்தது. பாஸின் காலை வாரிவிட மேளத்தால் முடியும். பழி சொல்ல முடியாத அளவுக்கு, ஒரு மயிரிழை தாமதித்து அடித்துக்கொண்டே போனால் போதும். கேட்பவர்களுக்குப் பாஸ்தான் தடுமாறுவதுபோலத் தெரியும். எத்தனையோ பேர் முன்னால் அவன் தடுக்கி விழ வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வாழ்க்கையில் யாருக்கும் கெடுதல் நினைக்காதவளுக்கு அந்த ஆசை பிடித்தமான தின்பண்டம் மாதிரி இருந்தது. மடிப்பு மேசையில் நிற்கும்போதெல்லாம் அதை நாக்கில் உருட்டிப் பார்த்தாள்.

கச்சேரி ஒரு ஞாயிறு பிற்பகல். அரங்கு நிறைந்திருந்தது. ஜோடி அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக வந்து முன் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று பகுதிகள் முடிந்தன. கண்டக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்று யாரும் “ரைட்” சொல்லவில்லை.

மேளமும் வயலின்களும் வெட்டியது போல இரண்டு அடி, ஒரு நிசப்தம், மறுபடி இரண்டு அடி. ஆட்டம் கிளம்பியது. டமாரம் நினைத்தபடியே பிந்தி அடிக்கக் கையை ஓங்கினாள். கை கேட்கவில்லை. அந்தச் சுழற்சிக்குள் ஒரு முறை கால் வைத்துவிட்டால் கை நம் இஷ்டத்துக்கு நிற்காது. அடி, விழ வேண்டிய அந்த இரண்டாவது காலில், அதன் உச்சந்தலையில் போய் விழுந்தது. வயலின்காரர்களின் தோள்கள் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. கொம்புகள் கூவின. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அப்போது குழல்காரி தடுமாறினாள். பயமோ, குற்ற உணர்ச்சியோ, வெறும் பதற்றமோ, மூச்சு பாதியில் அறுந்தது. ஒரு வரி முழுக்க அவள் வாசிக்கவே இல்லை. குழல் உதட்டில் இருந்தது, சத்தம் இல்லை. தூணின் வில் அந்தரத்தில் நின்றது. இறங்க இடம் தெரியாமல் ஒரு கணம் தவித்தது. டமாரம் அதைப் பார்த்தாள். அவள் ஆசைப்பட்டது கையெட்டும் தூரத்தில் நின்றது. சும்மா இருந்தால் போதும்.

அவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த அடியை இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தாள்.

முதுகு அதைக் கேட்டது. முழங்கை இறங்கியது. அதன்பின் முடியும்வரை அது அவளுடைய குச்சியோடுதான் இறங்கியது. பழையபடி, பார்க்காமல், யோசிக்காமல். தரை உறுதியானதும் மேலே ஆட்டம் வெறிகொண்டது. கண்டக்டர் நடத்துவதையே விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்து நின்றார். குழல்காரியும் எங்கோ நுழைந்து சேர்ந்துகொண்டாள். டமாரத்தின் முகத்தில் வியர்வை வழிந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சில நிமிஷங்கள், கல்யாணமான வருஷத்தில் இருந்ததைவிடவும் சந்தோஷமாக இருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் அரங்கு எழுந்து நின்று காலால் தரையை மிதித்தது. கண்டக்டர் அவளைச் சுட்டிக்காட்டி எழுந்து வணங்கச் சொன்னார். அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

எல்லோரும் கலைந்தபின் அவள் மேளங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். தூண் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

“என்னைக் காப்பாத்திட்டே” என்றான்.

“உன்னை இல்ல. ஆட்டத்தை.”

அவன் தணிந்த குரலில், “நான் வந்துடட்டுமா?” என்றான். “வீட்டுக்கு. நான் தப்பு பண்ணிட்டேன். இன்னைக்கு வாசிக்கும்போதுதான் புரிஞ்சுது.”

அவள் உறையின் நாடாவை முடிந்தாள். முடிச்சு விழவில்லை, மறுபடி முடிந்தாள். வா என்று சொல்ல அவளுக்கு ஒரு எழுத்து போதும்.

“இன்னும் உனக்குத் தலை சுத்திட்டு இருக்கு” என்றாள். “எனக்கும் சுத்துது. நாளைக்குக் கேளு.”

“நாளைக்கும் இதையேதான் கேப்பேன்.”

“அப்ப நாளைக்குக் கேளு.”

மறுநாள் சலவைக்கூடத்தில் மேலங்கிப் பையில் தொலைபேசியை வைத்திருந்தாள். வேலை நேரத்தில் அது கூடாது. மேற்பார்வையாளர் கண்டுகொள்ளவில்லை. விரிப்பை உதறும்போதெல்லாம் அது தொடையில் மோதும். ஒவ்வொரு முறையும் அழைப்போ என்று அவள் கை நிற்கும். ஜோடி அக்காவும் எதுவும் கேட்காமல் கூடவே நிற்பாள். மூட்டைகள் தீர்ந்தன. உலர்த்தும் இயந்திரங்களை அணைத்தார்கள். அவள் பேருந்தில் வீட்டுக்கு வந்து, இரண்டு பேருக்குத் தேநீர் போட்டு, ஆறவிட்டு, கொட்டினாள்.

அவன் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வாரக் கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. குளிருக்குப் போடும் கோட்டு அங்கேயே இருக்கிறது, எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தான். அவள் கோட்டை உதறி, ஒற்றை ஆளாகவே மடித்து, சலவைக்கூடத்துத் தாளில் சுற்றிக் கதவுக்கு வெளியே வைத்தாள். அவன் வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

அந்தப் பருவம் முடிந்ததும் அவனும் குழல்காரியும் வேறொரு நகரத்துக் குழுவுக்குப் போனார்கள். டமாரம் இருந்த இடத்திலேயே இருந்தாள். வேறு ஆட்கள் வந்து பாஸ் வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். அவளும் நன்றாகவே அடித்தாள். கேட்டால் அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மகளின் கல்யாணத்தில்தான் அவனை மறுபடி பார்த்தாள். முடி நரைத்திருந்தது. குழல்காரி வரவில்லை. படம் எடுக்க இருவரையும் மகளுக்கு இரு பக்கமும் நிறுத்தினார்கள். படமெடுத்து முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தபோது அவன் பக்கத்தில் வந்தான்.

“இன்னும் வாசிக்கறியா?”

“ம். நீ?”

“விட்டுட்டேன். பாஸை வித்துட்டேன். வலது தோள் தூக்க வரல. எலும்பு தேஞ்சு போச்சுன்னாங்க.” கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். மார்பு உயரத்துக்கு மேல் அது எழவில்லை.

“டாக்டர்ட்ட காமிச்சியா?”

“காமிச்சாச்சு. இவ்வளவுதானாம்.”

“சுடுதண்ணி ஒத்தடம் குடு. வெயிட் எதுவும் தூக்காதே” என்றாள்.

அவன் தலையாட்டினான். மகள் கூப்பிட்டாள், அவன் போனான். அவன் விட்டுப்போனபோதும், செய்தி வராத அந்த நாட்களிலும், மகள் தெரியும்மா என்று சொன்னபோதும் வெளியே அழாதவள் அவள். அன்று கல்யாண மண்டபத்தின் கை கழுவும் இடத்தில், குழாயைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க அழுதாள். பெண்ணைப் பிரிகிற அம்மா என்று நினைத்து, யாரோ ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றாள்.